சித்தி கூட்டில் விட்ட குஞ்சுகள்

என் வயதுக்காரர்களே, உங்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் தினமும் காலையில் யாராவது ஒருத்தி பழைய படம் ஒன்றை அனுப்புகிறாள். அம்மி, பித்தளைச் செம்பு, ஒரே பாயில் படுத்திருக்கும் ஏழெட்டுப் பிள்ளைகள். கீழே, 'அந்தக் காலம் இனி வருமா? கூட்டுக் குடும்பம், கலப்படமில்லாத சாப்பாடு, கள்ளமில்லாத மனசு' என்று நாலு வரி. உடனே நீங்கள் எல்லாரும் வரிசையாக அழுகிற பொம்மையும் கும்பிடுகிற பொம்மையும் போடுகிறீர்கள். நான் ஒன்றும் போடுவதில்லை. 'உனக்குப் பழசு எதுவுமே ஞாபகம் இல்லையாளா' என்று போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது, தாயே. அதனால்தான் பேசாமல் இருக்கிறேன்.

உங்களுக்காக ஒரு கோடை லீவை மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கோழிக்குஞ்சு வளர்த்த லீவு. இதில் வருகிற அப்பா இப்போது இல்லை, அம்மா இல்லை, அத்தையும் இல்லை. சித்தி போன மாசியில் போய்ச் சேர்ந்தாள். அவள் இருக்கும்வரை இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். சித்தப்பா மட்டும் இருக்கிறார். அவர் படித்தால் படிக்கட்டும்.

தூத்துக்குடியில் எங்கள் தெரு கடலை ஒட்டியது. உப்புக்காற்றில் சன்னல் கம்பியெல்லாம் துருவேறி, கையை வைத்தால் செதில் செதிலாக உதிரும். வீடு அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. புருஷன் விட்டுப்போன வீட்டையும் கருவாட்டு வியாபாரத்தையும் தனியாளாகக் கட்டி ஆண்டவள். நாங்களும் சித்தப்பாவும் அந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். 'ஒண்டி' என்கிற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் குழம்பில் எத்தனை மீன் போடுவது என்பதுவரை அத்தைதான் சொல்வாள். அப்பா துறைமுகத்தில் வின்ச் டிரைவர். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளை அலாக்காகத் தூக்கி இறக்குகிற ஆள். அத்தை 'ஏலே' என்று கூப்பிட்டால் மட்டும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு போய் நிற்பார்.

சித்தப்பாவுக்குத் தோணியில் வேலை. பாய் கட்டிய தோணியில் வெங்காயமும் செங்கலும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்விடுவார். கல்யாணம் ஆன சூட்டோடு சித்தியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போனார். சித்தி விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டுப் பெண். கம்பும் சோளமும் தின்று வளர்ந்த உயரம். வந்த அன்றைக்கே கருவாட்டுக் குடோன் வாசலில் வாந்தி எடுத்துவிட்டாள். அத்தைக்கு அது தன் மூஞ்சியில் துப்பின மாதிரி ஆகிப்போயிற்று.

"ஏளா, ஒனக்குக் கருவாட்டு நாத்தம் ஆவாதோ? இந்த நாத்தத்துலதான் ஒம் புருசன் சோறு தின்னு ஆளானான்" என்றாள் அத்தை.

"இல்ல மதினி, பழகிக்கிடுதேன்" என்று சித்தி வாயைக் கழுவினாள்.

பழகவும் செய்தாள். ஆனால் அத்தை கடைசிவரை அவளைக் கரிசக்காட்டுக்காரி என்றுதான் கூப்பிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

அந்த வருஷம் பங்குனியில் கோழி ஆபீசர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். தெருவில் கேட்கிற பெண்களுக்கெல்லாம் ஒரு நாள் வயதான வெள்ளைக் கோழிக்குஞ்சு கொடுத்தார். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டதும் சித்தி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அந்த வீட்டில் அவள் வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான்.

ஆபீசர் சொன்னதை நானும் கேட்டேன். "சின்னதுல பெட்டிக்குள்ள வச்சு பல்பு போடுங்கம்மா. இறகு முளைச்சப்புறம் வெளியில கூட்டுக்கு மாத்துங்க. அப்போ தீவனத்துல கொஞ்சம் மீன்தூள் கலந்து குடுத்தா நல்லா வளரும்."

சித்தியின் கணக்கு எனக்குத் தெரியும். என்னிடம்தான் சொன்னாள். கோழி முட்டையிட்டால் விற்கலாம். சித்தப்பா திரும்பி வரும்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு அறை வாடகைக்குப் பிடித்துப் போய்விடலாம். அத்தையிடமிருந்து போய்விட வேண்டும், அவ்வளவுதான். நான் ஓட்டைவாய்; அம்மாவிடம் சொன்னேன். அம்மா அத்தையிடம் சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டில் அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தனிக்குடித்தனம் போவாளாம்லா. போவட்டும். மொதல்ல இந்தக் குஞ்சு உசுரோட நிக்கட்டும். நின்னுச்சுன்னா நானே ஒன் சாமானத் தூக்கி வண்டியில வைக்கேன். செத்துச்சுன்னா நீ ஒங்க காட்டப் பாத்து நடயக் கட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

துறைமுகத்திலிருந்து அப்பா ஒரு தேயிலைப் பெட்டி கொண்டுவந்து போட்டார். ஒட்டுப்பலகையில் செய்தது, ஓரமெல்லாம் தகரப்பட்டை அடித்தது. அந்தத் தகரம் என் முழங்காலைக் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அடியில் உமி, அதன்மேல் செய்தித்தாள், நடுவில் தொங்கும் பல்பு. சூடேறின உமியின் வாசனை, எச்சத்தின் காரம், அதோடு தேயிலையின் பழைய வாசனையும் கொஞ்சம் வரும். சித்தி பல்பைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்குவாள். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கும்பலாக நின்றால் குளிர்கிறது என்று அர்த்தம், இறக்குவாள். மூலைக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம், ஏற்றுவாள். ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தட்டில் கவிழ்த்து வைத்தது அவள் யோசனை. தெருக்குழாயில் வரிசை நின்று பிடித்து வந்த நல்ல தண்ணீர் அது. குடிக்கிற தண்ணியைக் கோழிக்கு ஊற்றுகிறாள் என்று அத்தை ஒரு வாரம் கத்தினாள்.

குஞ்சு வளர்கிறதைக் கண்ணால் பார்க்கலாம். மஞ்சள் பஞ்சு உதிர்ந்து, சிறகில் வெள்ளை இறகுக் குச்சி முளைத்து, பிறகு வாலில். நடுவில் சில நாள் பார்க்கவே சகிக்காது. சொட்டையும் புழுதியுமாக, சண்டைக்காரப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். சித்தி அவசரப்படவில்லை. காலை வெயிலில் முற்றத்தில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து உள்ளே விடுவாள். சாயங்காலம் அள்ளித் திரும்பப் பெட்டிக்குள் போடுவாள். மெல்ல மெல்லப் பல்பை நிறுத்தினாள். நானும் அவளும் பூவரச மரத்தடியில் கூடு கட்டினோம். நாலு கல்மேல் சட்டம், பனைமட்டையில் சுவர், ஓலைக் கூரை. காக்காயும் பருந்தும் வராமலிருக்க, கிழிந்த வலையொன்றை இரண்டாக மடித்துச் சுற்றிலும் கட்டினோம். வலை கட்டும்போது சித்தி பாடுவாள். சுமாரான குரல்தான்.

இப்போது எங்கள் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வளர்ந்த குஞ்சை முதன்முதலாகக் கூட்டில் இறக்கிவிடுகிறவள் பிள்ளைக்காரியாக இருக்க வேண்டும். பெற்ற கை பட்டால்தான் குஞ்சு தங்கும். பெறாத கை பட்டால் வராது. இது அத்தை கண்டுபிடித்ததல்ல, தெருவே சொல்லும். அத்தைக்கும்தான் பிள்ளை இல்லை. ஆனால் அவளுக்கு வீடு இருந்தது, அதனால் அவள் கையைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளைக்காரி என்றால் அம்மாதான். 'நல்ல நாள் பாத்து ஒங்கம்மா எறக்குவா' என்று அத்தை சொல்லியிருந்தாள்.

நல்ல நாள் வருவதற்குள் பெட்டி கொள்ளவில்லை. நெருக்கத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. ஒன்றுக்கு வாலடியில் ரத்தம். ரத்தத்தைப் பார்த்தால் மற்றது சும்மா இருக்குமா? மொத்தமாக விரட்டி விரட்டிக் கொத்தின. அம்மா அன்றைக்குப் பார்த்து வீட்டுக்கு விலக்கு. கொல்லைப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். தொடக்கூடாது.

சித்தி அம்மாவிடம் போய்க் கேட்டாள். "அக்கா, மூணு நாளு தாங்காது. கொத்தியே கொன்னுரும். நானே எறக்கட்டுமா?"

"என்னமும் செய்யி. என்னய இழுக்காத" என்றாள் அம்மா.

சித்தி பாவாடைத் துணியில் அள்ளி அள்ளிக் கொண்டுபோய்க் கூட்டில் விட்டாள். நான் வலைக் கதவைப் பிடித்துக்கொண்டேன். மணலில் கால் பட்டதும் அதுகள் திகைத்து நின்று, பிறகு சீய்க்க ஆரம்பித்தன. சித்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் முகம் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திரும்பினால் அடுக்களை வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அத்தை பேசாமல் போனால்தான் பயப்பட வேண்டும்.

அன்று சாயங்காலமே அத்தை குடோனிலிருந்து ஒரு சாக்கு நிறையத் தூள் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள். ஓலைக் கடகத்தின் அடியில் தங்கும் நெத்திலித் தூள், சாளை மீன் செதில், உடைந்த தலை, அதோடு உதிர்ந்த கல்லுப்பு. விற்காத கழிசல். "வெளிய வந்த கோழிக்கு மீனு வேணும்னு ஆபீசரு சொன்னாருல்லா. இதக் கலந்து போடு" என்றாள். எங்கள் தெருவில் காய்ந்த மீன் என்றால் உப்பில் புரட்டிக் காய்ந்ததுதான். உப்பில்லாமல் மீனைக் காயவைப்பதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. தவிட்டோடு சரிபாதிக்குத் தூளைக் கலந்து அப்பாவே பிசைந்து தொட்டியில் வைத்தார். ஓசியில் வந்தது, தாராளமாகவே போட்டார். தண்ணீருக்கும் அத்தையின் உத்தரவு வந்தது. குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் இருந்தவரைதான். முற்றத்துக் கோழிக்கு முற்றத்துக் கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. அவ்வளவு உப்பு.

மறுநாள் குஞ்சுகள் குடித்தன குடித்தன, குடித்துக்கொண்டே இருந்தன. தட்டு வற்ற வற்ற சித்தி ஊற்றினாள். அடுத்த நாள் சில குஞ்சுகள் காலைப் பரப்பிக்கொண்டு நின்றன. தலையைத் தாழ்த்தினால் அலகிலிருந்து தண்ணீர் சொட்டியது. வயிறு பலூன் மாதிரி உப்பியிருந்தது. கூட்டு மணல் முழுக்க ஈரம். பிறகு சாக ஆரம்பித்தன. காலையில் வலையை விலக்கினால் மூலையில் ரெண்டு மூணு விறைத்துக் கிடக்கும். மேலே பூவரச மரத்தில் காக்காய்கள் வந்து உட்கார்ந்து காத்திருக்கும்.

ஒரு மத்தியானம், அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கூட்டருகே நின்றார். சித்தி தீனித் தொட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஏதோ சொன்னாள். அப்பா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். உடனே துப்பினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். கிணற்றடியிலிருந்து நான் இதைப் பார்த்தேன். அப்பா வெற்றிலை போடுகிறவர், எப்போதும் துப்பிக்கொண்டுதான் இருப்பார். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை தெருப் பெண்களை வரவழைத்து முற்றத்தில் உட்காரவைத்தாள். பஞ்சாயத்து என்று யாரும் சொல்லவில்லை, காப்பி கொடுத்தார்கள். செத்த குஞ்சு ஒன்றை முறத்தில் வைத்து நடுவில் போட்டாள்.

"பெட்டிக்குள்ள இருந்தமட்டும் ஒண்ணு சாவலல்லா? இவ தூக்கி வச்சா, அன்னைக்குப் புடிச்சது. பெறாத கை. கேக்காம வச்சிருக்கா. எங்க வீட்டுல எழவக் கொண்டாந்து எறக்கிட்டா."

பெண்கள் காப்பியை ஊதிக் குடித்துக்கொண்டு 'ஆமா' போட்டார்கள். சித்தி யாரையும் பார்க்கவில்லை. அப்பாவை மட்டும் பார்த்தாள்.

"அத்தான், நீங்க சொல்லுங்க" என்றாள்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அக்கா சொல்லுததக் கேளு. கொஞ்ச நாளு ஒங்கம்மா வீட்டுல இருந்துட்டு வா."

"அத்தான்" என்று மறுபடி சொன்னாள். அப்பா தெருவுக்குப் போய்விட்டார். அம்மா காப்பித் தம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். இன்றைக்கும் எனக்கு அம்மாவின் அந்த முதுகை மன்னிக்க முடியவில்லை. பழி தன்மேல் விழாமல் போன நிம்மதி அந்த முதுகில் அப்படியே தெரிந்தது.

மறுநாள் காலை சித்தியின் தகரப்பெட்டியை அப்பா தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார், அவள் பின்னால் போனாள். நான் தெருமுனைவரை ஓடினேன். போகும்போது என் தலையை ஒருதரம் தடவினாள். "தண்ணிய மாத்தி வையிளா" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேரே கூட்டுக்குப் போய், தீனித் தொட்டியைத் தூக்கிப் பின்னாலிருக்கும் உப்போடையில் கொட்டினார். மிச்சச் சாக்கையும் கொட்டினார். தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். கடையிலிருந்து குருணையும் கம்பும் வாங்கிவந்து போட்டார், குழாய்த் தண்ணீர் ஊற்றினார். அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. ரெண்டு நாள் கழித்துச் சாவு நின்றுவிட்டது.

அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். "பாத்தியளா? அவ பஸ் ஏறுனா, சாவு எறங்கிருச்சு." நல்லாத்தான் சொன்னாள், சொல்லத் தெரிந்தவள். அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? சித்தி போனாள், குஞ்சு பிழைத்தது. நானே நம்பினேன். ஒன்பது வயதில் மட்டும் இல்லை, கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, பேரன் எடுக்கிற வயதுவரை சித்தியின் கையில் ஏதோ கோளாறு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். கள்ளமில்லாத மனசு என்கிறீர்களே, அது இப்படித்தான் இருந்தது.

மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று பலத்ததும் தோணிகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். அப்போது சித்தப்பா வந்தார். மாலத்தீவிலிருந்து சித்திக்கு ஒரு பூப்போட்ட குடை வாங்கிவந்திருந்தார். அத்தை அவரை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். அன்றைக்கு வீட்டில் கோழிக் குழம்பு. சித்தி பல்பை ஏற்றி இறக்கி வளர்த்த சேவல்தான். சித்தப்பா சோற்றில் விரவித் தின்றார். ரெண்டாம் தடவையும் குழம்பு கேட்டார். குடை கொஞ்சநாள் ஆணியில் தொங்கியது. பிறகு அம்மா அதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

சித்தியைக் கூப்பிட யாரும் போகவில்லை. ஆவணியில் அத்தை வேறு பெண் பார்த்துச் சித்தப்பாவுக்குக் கட்டிவைத்தாள். இந்த ஊர்ப் பெண், கருவாட்டு வாசனை பழகினவள். பெட்டைகள் முட்டையிட ஆரம்பித்தபோது அத்தை அவித்து ஆளுக்கொன்று கொடுத்தாள். நாங்கள் மிளகுத்தூள் தொட்டுத் தின்றோம்.

இத்தனையும் எனக்கு விளங்கியது போன வருஷம்தான். என் மருமகள் மொட்டைமாடியில் நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கிவிட்டாள். பிளாஸ்டிக் கூடையில் உமி போட்டுப் பல்பு தொங்கவிட்டிருந்தாள். இறகு முளைத்து வெளியே விடுகிற சமயம். நான் பெரிய மனுஷி மாதிரி, கருவாட்டுத் தூள் கலந்து போடலாம் என்று சொல்லிவிட்டுத் தவிடு வாங்கத் தீவனக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி எதற்கு என்று கேட்டார், சொன்னேன்.

"யம்மா, கருவாட மட்டும் போட்றாதிய. குஞ்சுக்கு உப்பு ஆவாது. தண்ணியாக் குடிச்சு, வயிறு ஊதி, பொத்துப் பொத்துனு விழுந்துரும். கடக்கரைக்காரங்கதான் இந்தத் தப்பச் செய்யுதது. மீனுதானன்னு போட்டுருதாவ" என்று சொல்லிக்கொண்டே தவிட்டை அள்ளினார்.

நான் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணி வேணுமா என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. எனக்கு அப்பா தெரிந்தார். சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். சுற்றுமுற்றும் பார்த்தார். பஸ் ஏற்றிவிட்டு வந்து சட்டையோடு தொட்டியைக் கழுவினார். சண்டாளன். என்னைப் பெற்ற அப்பாவை அந்தச் சொல்லால்தான் மனசுக்குள் கூப்பிட்டேன்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆட்டோ பிடித்துச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அத்தை காலமானபின் பாகம் பிரித்ததில் கிடைத்த வீட்டுப் பாதியில்தான் இருக்கிறார். நாற்காலியில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சு ஏன் செத்தது என்று சொன்னேன். அவர் அதிர்ந்து போவார் என்று நினைத்தேன். முட்டாள் நான்.

"அது எனக்கு அப்பமே தெரியும்ளா" என்றார். "நான் வந்த மறுநாளே அண்ணன் எங்கிட்டச் சொல்லிட்டான். அக்கா குடுத்த தூளுதான்னு."

"தெரிஞ்சுமா கூப்பிடப் போவல?"

"எப்படிப் போவ? அக்கா செஞ்சது தப்புன்னு ஊருக்குச் சொல்லணும்லா. அக்கா வீட்ட யாருக்கு எழுதுவாளோன்னு தெரியாத நேரம். பொறவு வேற பொண்ணும் பாத்துட்டா." டிவியில் ஏதோ சிரிப்பு. அவரும் ஒரு நிமிஷம் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பழசக் கிளறிட்டு என்னளா செய்யப் போற? டீ குடிக்கியா?"

மறுநாள் விளாத்திகுளம் பஸ் ஏறினேன். அங்கிருந்து மினிபஸ். வழியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், ஒருத்தரையும் விடமாட்டேன். உன் கையில் ஒன்றுமில்லை சித்தி, அவர்கள்தான் பாவிகள், அப்பாவும் அத்தையும் உன் புருஷனும். அவள் வாய்விட்டு அழட்டும், அவர்களைச் சபிக்கட்டும், கூடச் சேர்ந்து நானும் சபிக்கிறேன் என்று இருந்தேன்.

தம்பி மகன் வீட்டை ஒட்டித் தகரக்கூரை போட்ட ஒற்றை அறையில் சித்தி இருந்தாள். உயரமெல்லாம் கூனாகிவிட்டது. யார் என்று சொன்னேன். நெற்றியில் கைவைத்து வெகுநேரம் பார்த்தாள். உட்கார் என்று சொல்லவில்லை.

"என்ன சோலியா வந்த?"

சொன்னேன். கருவாட்டுத் தூளில் ஆரம்பித்து அப்பா துப்பினதுவரை சொன்னேன். நான் முடித்ததும் வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினாள்.

"இத எனக்கே வந்து சொல்லுதியா? நாந்தானளா ஒங்கப்பாவுக்குச் சொன்னேன். உப்புக் கரிக்கி அத்தான், நாக்குல வச்சுப் பாருங்கன்னு நீட்டுனேன். வச்சுப் பாத்துட்டு, 'நீ வாயத் தொறக்காத, அக்காகிட்ட நான் பக்குவமாப் பேசிக்கிடுதேன்'னாரு. அதான் நான் அன்னைக்கு வாயத் தொறக்கல. பஸ்ல ஏத்தும்போதும், 'ஒரு வாரத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்'னாரு. நான் பெட்டியத் தொறக்காமயே வச்சிருந்தேன். மாத்துச்சேல கூட எடுக்கல. எங்கம்மா சேலயத்தான் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

நான் அழுதேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"நீ எதுக்கு அழுத? கூப்பிட வந்தியளா யாராச்சும்? இப்பம் ஒங்கப்பாவும் அத்தையும் இல்லன்னதும் நல்லவ மாதிரி வார." வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். மென்றாள். தெருவைப் பார்த்தாள். கொஞ்சம் கழித்துக் குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள். "நான் ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்க சித்தி."

"அவியளுக்குத் தெரியுமா? ஒங்க சித்தப்பாவுக்கு. ஒங்கப்பா அவியகிட்டச் சொன்னாரா?"

என் கையில் பதில் இருந்தது. நேற்றுத்தான் அந்த மனுஷன் டிவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னது. பஸ்ஸில் வரும்போது நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியாது சித்தி" என்றேன். "அப்பா அவர்ட்ட கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல."

சித்தி மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு முந்தானையால் பக்கத்துத் தரையைத் தட்டிவிட்டு, உட்கார் என்று கை காட்டினாள்.

"அதான பாத்தேன்" என்றாள். "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்து கூப்பிட்டிருப்பாவ."

"ஆமா சித்தி. வந்திருப்பாரு" என்றேன்.